மூணு பங்குக் கிணறும் ஒரு கையெழுத்தும்

போன ஆடி மாசம் ஒரு நாள் காலைல எங்க பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், கையில ஒரு காகிதத்தோட நம்ம சாளைக்கு வந்தாருங்க. உக்காரச் சொன்னேன், உக்காரல. "தம்பி, அந்தப் பழைய கிணத்த மூடிரலாமுன்னு இருக்கறோம். மூணு பங்குக்காரங்களும் கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும். நீ ஒண்ணுதான் பாக்கி"ன்னாரு.

நியாயமான பேச்சுதான். அந்தக் கிணத்துல ஒழுங்காத் தண்ணி பாத்து இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. கிணறு, அதச் சுத்தி மண்ணு கொட்டுன மேடு, மாடு இறங்குன சரிவு எல்லாம் சேந்து கால் ஏக்கருக்குப் பக்கமா சும்மா கெடக்குது. மூடுனா அண்ணன் மகன் அங்க ஒரு ஷெட்டு போடுவான். நமக்கும் பங்குக்குப் பணம் வரும். "சரிங்கண்ணா, ரெண்டு நாள்ல பாத்துட்டுச் சொல்றேன்"னு வாங்கி வெச்சேன்.

அந்தக் காகிதம் இன்னும் எங்கிட்டத்தான் இருக்குதுங்க. ஏன் போடலைங்கறதச் சொல்லணும்னா, கவலை இறைச்ச காலத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

எங்க ஊரு அவிநாசிக்குப் பக்கம். ஆறு கெடையாது, பெரிய அணை வாய்க்கா கெடையாது. மழையும் கிணறுந்தான். எங்க கிணத்த வெட்டுனது அப்பாரோட அப்பன் காலத்துல. அப்பாரு கூடப் பொறந்தவங்க மூணு பேரு. பாகம் பிரிக்கறப்ப காட்டப் பிரிச்சாங்க, வீட்டப் பிரிச்சாங்க, கிணத்தப் பிரிக்க முடியல. அதனால அது பொதுவாவே நின்னுச்சு. ஆளுக்கு மூணு நாள், ஒம்பது நாளைக்கு ஒரு சுத்து. இதத்தான் முறைத் தண்ணின்னு சொல்லுவோம்.

தண்ணி மேல வந்தது கவலையில. தெக்க மதுரை, திருநெல்வேலிப் பக்கம் இதையே கமலைன்னு சொல்றாங்க. இப்ப இருக்கற பசங்களுக்குக் கவலைன்னா மனசுக் கவலை மட்டுந்தான் தெரியும், அதனால கொஞ்சம் வெவரமாச் சொல்றேன். கிணத்து மேட்டுல மரத்துல ஒரு சட்டம், அதுல ஒரு உருளை. உருளை மேல வடக்கயிறு. கயித்து ஒரு முனையில சால், இன்னொரு முனையில ஒரு ஜோடி எருது. சாலோட அடியில யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் தொங்கும், அதுக்குத் தும்பின்னு பேரு. தும்பிய இழுத்துப் பிடிக்க ஒரு சின்னக் கயிறு. எருது சரிவுல இறங்குனா சால் தண்ணியோட மேல வரும். சால் மேல வந்ததும் சின்னக் கயித்த விட்டா தும்பி வழியா தண்ணி தானாக் கொட்டி வாய்க்காலுக்கு ஓடும். அப்புறம் எருது பின்னாலேயே நடந்து மேல ஏறணும். ஒரு சாலுக்கு 100 லிட்டருக்கு மேல தண்ணி வரும். விடியறதுக்கு முன்னால ஏர்பூட்டி உச்சி வெயிலு வரைக்கும் இறைச்சா, மண்ணோட தாகத்தப் பொறுத்து, கால் ஏக்கரு நனையறதே பெருசுன்னு அப்பாரு சொல்லுவாரு.

எங்களது ரெட்டைக் கவலைக் கிணறு. ரெண்டு ஜோடி எருது ஒரே நேரத்துல இறைக்கலாம். ஒரு குடும்பத்துக்கிட்ட ரெண்டு ஜோடி எங்க இருக்குது? அதனால எங்க முறையில பெரியப்பாரு ஜோடி வரும், அவங்க முறைக்கு எங்க ஜோடி போகும். மடை மாத்தி விட ஒரு ஆள், கவலை ஓட்ட ரெண்டு ஆள். ஒருத்தருக்கொருத்தர் பேச்சு இல்லாத நாளுலகூட எருத மட்டும் அனுப்பி வெச்சுருவாங்களாம். "மனுசனுக்குத்தான் கோவம், மாட்டுக்கு என்ன கோவம்"னு எங்காத்தா சொல்லும்.

இறைக்கறப்பப் பாட்டு உண்டு. பொழுதுபோக்குக்குன்னு மட்டும் நெனச்சுராதீங்க. எத்தனை சால் இறைச்சோம்ங்கற கணக்கு அந்தப் பாட்டுலதான் இருந்துச்சு. ஏத்தப் பாட்டுக்காரன் ஒருத்தன் பாதி அடியப் பாடிட்டு வேலைய நிறுத்திட்டுப் போயிட்டான், மீதி அடி என்னவா இருக்கும்னு கம்பரே ராத்திரி பூரா தூங்காம யோசிச்சாருன்னு ஒரு கதை நம்ம நாட்டுல எல்லாருக்கும் தெரியும். கதை நெசமோ பொய்யோ, தண்ணி இறைக்கறவன் பாட்டுக்கு ஊருல ஒரு மரியாதை இருந்துச்சுங்கறது மட்டும் நெசம்.

பாட்டவிட முக்கியமானது உருளைச் சத்தம். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் அது கிரீச்சுன்னு கத்தும். ஒவ்வொரு கிணத்துக்கும் ஒவ்வொரு சத்தம். ஆத்தா வாசல்ல சாணி தெளிச்சுக்கிட்டே "கெழக்கால தோட்டத்துல பூட்டிட்டாங்க, மேக்கால இன்னும் சத்தத்தக் காணோம்"னு சொல்லும். பொழுது கெளம்பியும் ஒரு தோட்டத்துல சத்தம் வரலைன்னா யாராவது போய் எட்டிப் பாப்பாங்க. மாட்டுக்கு ஒடம்பு சரியில்லையா, மனுசனுக்குச் சரியில்லையான்னு கேட்டுட்டு வருவாங்க. இந்தச் சத்தத்த மனசுல வெச்சுக்குங்க, பின்னால இதுக்கே வரணும்.

அந்தக் காலம் பொன்னான காலம்னு நான் சொல்ல வரலைங்க. அப்படிச் சொன்னா பொய். தும்பியும் வாரும் தெச்சுக் குடுத்தது மாதாரி வீட்டுக்காரங்க. கவலை ஓட்டுனதும் பாதி நாள் அவங்கதான். செத்த மாட்டுத் தோலை உரிச்சு, பதம் பண்ணி, தெச்சு, கிழிஞ்சா ராத்திரியே வந்து ஒட்டுப் போட்டு, வருசத்துக்கு இவ்வளவு தானியம்னு வாங்கிட்டுப் போவாங்க. அவங்க தெச்ச தும்பியில வந்த தண்ணியத்தான் எல்லாரும் குடிச்சோம். ஆனா அவங்க கிணத்துல இறங்கி ஒரு கை தண்ணி அள்ளக் கூடாது. கவலை நின்னப்ப எங்களுக்குக் கொறஞ்சது ஒரு உறவுன்னு நாங்க சொல்லிக்கறோம். அவங்களக் கேட்டா ஒரு கட்டு அவுந்துதுன்னு சொல்லுவாங்க. எங்க தோட்டத்துக்குத் தும்பி தெச்சவரோட பேரன் இன்னிக்கு திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். பாத்தா "வாங்க போங்க"ன்னு சமமாப் பேசிக்கறோம். கவலை இருந்த வரைக்கும் அது நடந்திருக்காது. எருதுக்கும் நெலமை அதுதான். பின்னால நடந்து மேடு ஏறி ஏறி பின்னங்கால் வீங்கிப் போன எருதப் பாத்தவங்க யாரும் கவலை திரும்ப வரணும்னு கேக்க மாட்டாங்க.

சரி, கவலை எப்படி நின்னுச்சு? ஒரே நாள்ல நிக்கல. 20ஆம் நூத்தாண்டு தொடக்கத்துலயே ஆல்பிரட் சாட்டர்ட்டன்னு ஒரு வெள்ளைக்காரர், சென்னை மாகாணத்துல தொழில்துறை அதிகாரியா இருந்தவர், கவலைக்கும் ஏத்தத்துக்கும் பதிலா ஆயில் இன்ஜின் வெச்சு பம்புல இறைக்கலாம்னு சோதனை பண்ணிக் காட்டுனாரு. வசதியான பண்ணைக்காரங்க சிலபேரு இன்ஜின் வாங்குனாங்க. நம்ம மாதிரி அஞ்சு, ஆறு ஏக்கர்காரனுக்கு அது எட்டல.

திருப்பம் வந்தது கரண்டுல. நீலகிரியில பைக்காரா நீர்மின் நிலையம் 1932ல ஓட ஆரம்பிச்சுது. அந்த மலைத் தண்ணி கோயம்புத்தூருக்குக் கம்பி வழியா மின்சாரமா இறங்குச்சு. பஞ்சாலைங்க பெருகுனது அதனாலதான்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா எங்களுக்கு முக்கியமானது வேற. ஆலைக்கு மெஷின் ரிப்பேர் பண்ணப் பழகுன கை, பம்பும் மோட்டாரும் செய்யவும் பழகிச்சு. 1937ல ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு இவங்க முயற்சியில கோயம்புத்தூர்லயே மின்மோட்டார் உருவாச்சு. இந்தியாவுல செஞ்ச முதல் மோட்டாருன்னு அதச் சொல்றாங்க. அப்புறம் பீளமேடு, கணபதிப் பக்கம் பட்டறைக்குப் பட்டறை வார்ப்பும் பம்பும்தான். எங்கியோ செஞ்சு வந்த பொருளுன்னா ரிப்பேருக்கு ஆளு கெடைக்காது. இது பஸ் ஏறிப் போனா செஞ்ச ஆளையே பாக்கலாம். சுதந்திரத்துக்கு அப்புறம் 1957ல மின்சார வாரியம் வந்துச்சு, கனடா நாட்டு உதவியோட குந்தாத் திட்டம் வந்துச்சு, கம்பிக்கால் ஊருக்குள்ள வந்துச்சு.

எங்க கிணத்துக்கு கரண்டு வந்தது 1961ல. அஞ்சு குதிரைத்திறன் மோட்டார். சர்வீஸ் ஒண்ணுதான் குடுப்பாங்க, ஒரு ஆளு பேருலதான் குடுப்பாங்க. மூணு பேருல மூத்தவரு பேருல வாங்குனாங்க. மோட்டாரு வெலையில ஆளுக்கு மூணுல ஒரு பங்கு. பம்பு ஆழத்துல இருந்து தண்ணிய உறிஞ்சாதுங்க. 20, 25 அடிக்கு மேல போனா அதுக்கு மூச்சு முட்டும். அதனால கிணத்துக்குள்ளயே பாதி ஆழத்துல பாறையக் கொடஞ்சு ஒரு திட்டு கட்டி அதுல மோட்டார வெச்சாங்க. தண்ணி இறங்க இறங்க மோட்டாரையும் கீழ இறக்குனாங்க. முதல் நாள் சுவிச்சுப் போட்டு, கொழாயில தண்ணி எகிறி விழுந்தப்ப, எங்காத்தா மஞ்சள் குங்குமம் வெச்சுக் கும்பிட்டுச்சாம். அப்பாரு மாத்திரம் "இனி இந்த எருதுகளுக்கு என்ன வேலை குடுக்கறது"ன்னு கேட்டாராம்.

நான் பொறந்தது அதுக்கெல்லாம் அப்புறம். எனக்குத் தெரிஞ்ச கிணறு மோட்டார்க் கிணறுதான். அதையும் கொறை சொல்ல மாட்டேன். நாங்க எட்டுப் பத்துப் பசங்க நீச்சல் பழகுனது அதுலதான், முதுகுல சுரைக்குடுக்கையக் கட்டிக்கிட்டு. மோட்டார் ரூம்புத் திண்ணையில ஒரு பேப்பரு கெடக்கும், ஒரு டிரான்சிஸ்டர் பாடும். தொட்டியில கொழாத் தண்ணி விழுகறப்ப ஊருல பாதிப்பேரு அங்கதான் குளிச்சாங்க. எதுன்னாலும் புதுசா வந்தா மனுசங்களப் பிரிச்சுரும்னு சிலபேரு எழுதறாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். பஞ்சாயத்து ரேடியோ ஊரையே ஒரு மரத்தடியில சேத்து உக்கார வெச்சுது. ரேடியோவுல கேட்டு வெதைச்சதால தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லுக்கு "ரேடியோ நெல்லு"ன்னே பேரு வந்துச்சு. ஒரு கருவி சேக்குமா பிரிக்குமாங்கறது அது எத்தனை பேரு கைய எதிர்பாக்குதுங்கறதப் பொறுத்துது.

மோட்டாருக்கு ஒரு கைதான் வேணும். சண்டை ஆரம்பிச்சது அங்கதான்.

கவலையில ஒருத்தன் நெனச்சாலும் அளவுக்கு மீறி இறைக்க முடியாது. எருது களைச்சுப் போகும். ராத்திரி கிணறு சும்மா இருக்கும், ஊத்து சொரந்து விடியறதுக்குள்ள தண்ணி ஏறியிருக்கும். எருதோட தெம்புதான் கிணத்துக்கு வேலி. மோட்டாருக்குக் களைப்புக் கெடையாது. மூணு மணி நேரத்துல கிணத்த வழிச்சு எடுத்துரும். முறை மாறற அன்னிக்கு, முந்தின ஆளு ராத்திரி முச்சூடும் ஓட்டிட்டுப் போயிருந்தா, அடுத்த ஆளுக்கு சேறுதான் மிச்சம். மீட்டரு ஒண்ணு, ஓட்டுன நேரம் வேற வேற. பில்லு வந்தா யாரு எவ்வளவு குடுக்கறது? வெள்ளை அட்டையில எழுதுன ரீடிங்க வெச்சு மோட்டார் ரூம்புச் செவுத்துல கரியில கோடு போட்டுக் கணக்கு வெச்சாங்க. அந்தக் கரிக் கோடு இன்னும் அழியல. சண்டை வந்தாலும் மாசம் தவறாம மூணு பேரும் ஒக்காந்து பேசித்தான் ஆகணும். பேசாம இருக்க வழியில்ல.

இன்னொண்ணும் நடந்துச்சுங்க. இது நம்ம பக்கத்துக் கதை, நம்ம பசங்களுக்கே மறந்து போச்சு. மோட்டாரு வந்ததால எல்லாக் கிணத்துக்காரனும் ஒரே பில்லக் கட்டறவன் ஆனான். அதுக்கு முன்னால ஒவ்வொரு கிணத்துக்கும் ஒரு கஷ்டம். இப்ப எல்லாருக்கும் ஒரே கஷ்டம், யூனிட்டுக்கு எத்தனை பைசாங்கறது. கட்டணத்த ஏத்துனப்ப விவசாயிங்க ஒண்ணு சேந்தாங்க. வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில சங்கம் வளந்துச்சு. 1970 ஜூன் 19ந் தேதி பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூடு நடந்து மூணு விவசாயிங்க செத்தாங்க. அந்த நினைவிடத்துக்கு வருசா வருசம் போய் மாலை போடறோம். 1972ல கோயம்புத்தூர் ரோடுகள மாட்டுவண்டியால அடைச்சாங்க. எங்கப்பாரும் பெரியப்பாரும் அந்த வருசம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தவங்க. ஆனா கோயம்புத்தூருக்கு ஒரே வண்டியிலதான் போனாங்களாம், ஆளுக்கொரு எருது பூட்டி. கவலை இறைக்க வேலையில்லாம நின்ன எருதுகதான் அன்னிக்கு வண்டி இழுத்துது.

இத நான் அடிக்கடி நெனச்சுக்குவேன். கரண்டு வந்து கிணத்து மேட்டுல இருந்த சின்ன ஒறவக் கொறைச்சுது. அதே கரண்டுதான் ஜில்லா பூரா இருந்த விவசாயிகள ஒரு பெரிய ஒறவுக்குள்ள கொண்டுவந்துச்சு. இது எதையும் முன்கூட்டியே யாரும் திட்டம் போடல.

அந்தப் போராட்டத்தோட பலன் பின்னால வந்துச்சு. 1984ல சிறு விவசாயிகளுக்கும், 1990ல எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் ஆச்சு. நல்லதுதான், அது இல்லைன்னா பாதிப்பேரு காட்ட வித்துட்டுப் போயிருப்போம். நான் அதுக்கு எதிரா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா எங்க கிணத்து மேட்டுல நடந்ததச் சொல்லணும். பில்லு நின்னுச்சு. பில்லுக்காக மாசம் ஒருக்கா மூணு பேரு ஒக்காந்ததும் நின்னுச்சு. கரிக்கோடு போடறதும் அந்த வருசத்தோட முடிஞ்சுது.

அப்புறம் போர்வெல். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ராத்திரி ஊருக்குள்ள வந்தா, வெடிச் சத்தம் மாதிரி விடிய விடிய ஓடும். திருச்செங்கோட்டு வண்டி இந்தியா பூரா போய் போர் போடுதுங்க. முதல்ல 300 அடி, அப்புறம் 600, இப்ப 1,000 அடிக்கு மேல. அண்ணன் தோட்டத்துல ஒண்ணு, எங்க தோட்டத்துல ஒண்ணு, சித்தப்பா பையன் தோட்டத்துல ரெண்டு. ஆளுக்கொரு போரு வந்ததும் முறைத் தண்ணி தேவையில்ல. முறை இல்லைன்னா சண்டை இல்ல. எங்க மூணு வீட்டுக்குள்ள கடைசியா தண்ணிச் சண்டை வந்து முப்பது வருசம் இருக்கும். பெருமையாச் சொல்லிக்கறோம். ஆனா சண்டை போட ஒரு காரணம் இல்லாமப் போனப்ப, பேச ஒரு காரணமும் சேந்து போச்சுங்கறது எங்களுக்கு உறைக்கல. ஆழத்துல போருக உறிஞ்ச உறிஞ்ச பழைய கிணத்து ஊத்தும் வத்திப் போச்சு.

போர் இருந்தும் ராத்திரிக் காவல் மட்டும் கொஞ்ச காலம் மிச்சம் இருந்துச்சு. மும்முனைக் கரண்டு பகல்ல கொஞ்ச நேரம், ராத்திரி கொஞ்ச நேரம்னு முறை வெச்சு வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்டு வந்தா டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போய் சுவிச்சுப் போடணும். பாம்பு பயம், பூச்சி பயம். வரப்புல எதிர்த்தாப்புல ஒரு டார்ச்சு வெளிச்சம் வந்தா, "யாரு, அண்ணனுங்களா?" "ஆமா தம்பி, வந்துருச்சா கரண்டு?" அவ்வளவுதான் பேச்சு. ரெண்டு பேரும் ஒரு பீடிய பத்த வெச்சுக்கிட்டு பத்து நிமிசம் நிப்போம். எருமை கன்னு போட்டது, மகளுக்கு மாப்பிள்ளை பாக்கறது, வெங்காயம் வெலை, எல்லாம் அந்தப் பத்து நிமிசத்துலதான்.

இப்ப மொபைல் ஸ்டார்ட்டர் வந்துருச்சு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள ஒரு சிம் கார்டு. போன்ல கூப்பிட்டு நம்பரு அமுத்துனா மோட்டாரு ஓடும், இன்னொரு நம்பருக்கு நிக்கும். கரண்டு வந்தாலும் போனாலும் தகவல் சொல்லும். அரசாங்கமே மானியம் குடுக்குது. சொட்டு நீர் போட்டாச்சுன்னா மடை மாத்தற வேலையும் இல்ல. நானும் வெச்சுருக்கறேன், அண்ணனும் வெச்சுருக்காரு. ராத்திரி போய் பாம்பு கடிச்சு செத்தவங்க எங்க ஊருலயே இருக்காங்க, அதனால இதையும் நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.

இப்ப அண்ணன் கொண்டுவந்த காகிதத்துக்கு வர்றேன்.

காகிதம் வாங்கி வெச்ச ரெண்டாம் நாள் கையெழுத்துப் போட்டுக் குடுத்துரலாம்னுதான் இருந்தேன். மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கற வேலையில தள்ளிப் போச்சு. அண்ணன் திரும்பக் கேக்கல. சரி, அவருக்கும் அவசரமில்ல போலன்னு இருந்தேன். தெனமும் காலைல அவரு தோட்டத்துல மோட்டாரு ஓடுது. சொட்டு நீர்க் கொழா சொட்டுது. வாழைக்கட்டைக ஈரமா இருக்குது. பங்காளிங்க வாட்ஸ்அப் குரூப்புல அவரு நம்பருல இருந்து தெனமும் காலைல சாமி படத்தோட வணக்கம் வருது. நானும் ஒரு கும்பிடு போட்டுட்டு வேலையப் பாக்கறேன்.

பதினோராம் நாளோ பன்னண்டாம் நாளோ, அவிநாசி சந்தையில எங்க நங்கையப் பாத்தேன், அண்ணன் சம்சாரம். மூஞ்சி வாடிப் போயிருந்துச்சு. "என்னுங்க நங்கையா, ஒடம்பு சரியில்லீங்களா?"ன்னேன். அவங்க என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க. "எனக்கென்ன கேடு? உங்கண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில பதினோரு நாள் கெடந்துட்டு நேத்துத்தான் வந்தாரு. வரப்புத் தாண்டி இருக்கறீங்க, ஒரு எட்டு வந்து பாக்கலையேன்னு அவரு கேக்காத நாளில்ல"ன்னாங்க.

எனக்கு நிக்க முடியலைங்க. "மோட்டாரு ஓடிக்கிட்டேதானுங்க இருந்துச்சு?"ன்னு கேட்டேன். கேட்ட பின்னாலதான் அது எவ்வளவு கேவலமான கேள்வின்னு தெரிஞ்சுது. "ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டுத்தான் போன்ல ஓட்டுனாரு. வாழை காஞ்சுரும்னு அங்கயும் அதே நெனப்பு. குரூப்புல படம் போடறது பையன்"ன்னாங்க.

அன்னிக்கு சாயங்காலமே போனேன். அண்ணன் கயித்துக் கட்டில்ல படுத்திருந்தாரு. கோவிச்சுக்குவாருன்னு பாத்தேன், கோவிக்கல. "உனக்கு யாரும் சொல்லலையா? நான் அவங்க சொல்லியிருப்பாங்கன்னு இருந்தேன், அவங்க நான் சொல்லியிருப்பேன்னு இருந்துருக்காங்க"ன்னு சிரிச்சாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவராவே ஒண்ணு சொன்னாரு. "அப்பாரு காலமா இருந்தா, காலைல உருளைச் சத்தம் கேக்கலைன்னதும் நீ வந்து நின்னுருப்ப."

வீட்டுக்கு வர்ற வழியில அந்தப் பழைய கிணத்துக்கிட்ட நின்னேன். கவலைக் கல்லு ரெண்டும் அப்படியே நிக்குது. வடக்கயிறு உரசி உரசிக் கல்லுல விரல் ஆழத்துக்குத் தடம். மோட்டார் ரூம்புல கரிக்கோடு. உள்ள கருவேல முள்ளும் பாட்டலும் கெடக்குது.

மோட்டாரக் கொறை சொல்லி என்ன ஆகப் போகுது? எருது காலத்துல நாங்க ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டதுக்குக் காரணம் நாங்க அவ்வளவு நல்லவங்கங்கறது இல்ல. பாக்காம வேலை நடக்காது, அதுதான். ஒவ்வொரு கருவியும் வந்து ஒவ்வொரு அவசியத்த எடுத்துட்டுப் போச்சு. அந்த அவசியத்தோட ஒட்டிக்கிட்டிருந்த பத்து நிமிசப் பேச்சையும் சேத்து எடுத்துட்டுப் போச்சு. அத நாங்கதான் தனியாப் பிரிச்சு எடுத்து வெச்சிருக்கணும். வெக்கல. இனிமே அவசியத்துக்காக யாரும் யாரையும் பாக்கப் போறதில்ல. பாக்கணும்னு நெனச்சாத்தான் உண்டு.

ஒரு வாரம் கழிச்சு அண்ணங்கிட்டச் சொன்னேன், ஒரு வருசம் பொறுங்கண்ணா, அதுக்கு அப்புறமும் மூடணும்னா போட்டுத் தர்றேன்னு. வெறும் பாசத்துல சொல்லல, கணக்கும் இருக்குது. அத்திக்கடவு அவிநாசித் திட்டத்துக்கு இந்தப் பக்கத்து சனங்க எத்தனையோ வருசமாப் போராடுனோம். 2024 ஆகஸ்ட்ல திட்டம் தொடங்கி, பவானியில உபரியாப் போற தண்ணிய காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ இருந்து ராட்சச மோட்டார் வெச்சு ஏத்தி, 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்பறாங்க. எங்க ஊருக் குட்டைக்கும் கொழா வந்திருக்குது. குட்டையில தண்ணி நின்னா சுத்து வட்டாரத்துக் கிணத்துல ஊத்து எடுக்கும், இது பெரியவங்க கண்டது. கிணத்த மூடிட்டா, கீழ தண்ணி வந்தாலும் வந்துதான்னு எட்டிப் பாக்க ஒரு எடம் இருக்காது. போர்க் குழிக்குள்ள யாரும் எட்டிப் பாக்க முடியாதுங்களே.

அண்ணன் யோசிச்சுட்டு, "ஷெட்ட மேக்கால போட்டுக்கறான், உடு"ன்னாரு.

மார்கழியில மூணு வீட்டுலயும் சேந்து ஆள் வெச்சு கிணத்துல இருந்த முள்ள வெட்டி, குப்பைய வாரி எடுத்தோம். செலவு ஆளுக்கு மூணுல ஒரு பங்கு. சித்தப்பா பையன் ஒரு கரித்துண்ட எடுத்து செவுத்துல பழைய கோட்டுக்குக் கீழ தேதியப் போட்டு எழுதி வெச்சான். அடியில ஒரு மூலையில மட்டும் பாறை ஈரமா இருக்குது. ஊத்துன்னு சொல்ல முடியாது, கசிவுதான்.

மோட்டார இப்பவும் போன்லதான் ஓட்டறேன். ஆனா தெனமும் காலைல பால் ஊத்திட்டு வர்றப்ப அண்ணன் தோட்டத்து வரப்பு வழியா வர்றேன். கொஞ்சம் சுத்துத்தான். "அண்ணா"ன்னு ஒரு கொரல் குடுப்பேன். உள்ள இருந்து "ம்"ன்னு ஒரு சத்தம் வந்தாப் போதும், நடையக் கட்டிருவேன்.